விழும் இடர் மதிப்பீட்டில் நோயாளியின் கூற்று

எலும்பு முறிந்தோ மூட்டு தேய்ந்தோ மருத்துவம் பெறும் ஒருவர் மீண்டும் கீழே விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதை, அவருடைய வாய்ச்சொல்லையும் கணக்கில் கொண்டு அறியும் முறை நோயாளி கூற்றுவழி விழும் இடர் மதிப்பீடு எனப்படும். எக்ஸ்ரே படம் எலும்பு கூடியதைக் காட்டும். இரவில் கழிப்பறைக்குப் போக அந்த மனிதர் அஞ்சுகிறாரா, வாசற்படியில் கால் தடுமாறுகிறதா என்பதை அது காட்டாது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கென முறையான வினாக்கள் உருவாக ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. இக்கட்டுரை அந்த வரலாற்றையும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் போன்ற ஊரகப் பகுதிகளில் அவ்வினாக்களைத் தமிழில் கேட்கும்போது எழும் சிக்கல்களையும் தொகுத்துக் கூறுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கின்றனர். இவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருவாயுள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். மருத்துவம் தேவைப்படும் அளவுக்கு அடிபடும் விழுகைகள் ஆண்டுக்கு 3 கோடியே 73 இலட்சம். 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 விழுக்காட்டினர் ஆண்டில் ஒருமுறையேனும் விழுகின்றனர் என்று அந்நிறுவனம் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பெயரும் பொருளும்

"நோயாளி கூறும் விளைவு" என்பது, நோயாளி தன் உடல்நிலையைப் பற்றி, மருத்துவரோ பிறரோ இடையில் புகுந்து விளக்கம் சேர்க்காமல், தானே தரும் தகவல் ஆகும். வலி, நடை, தூக்கம், அன்றாட வேலை, அச்சம் ஆகியவை இதில் அடங்கும். இத்தகவலை எண்ணாக மாற்றித் தரும் வினாத்தாள் "நோயாளி கூறும் விளைவு அளவீடு" எனப்படுகிறது.

"விழுதல்" என்பதற்கும் ஒரு வரையறை தேவைப்பட்டது. 1987 ஆம் ஆண்டு கெல்லாக் பன்னாட்டுப் பணிக்குழு இதை வகுத்தது. ஒருவர் தன் எண்ணமின்றித் தரைக்கோ தாழ்வான வேறொரு தளத்துக்கோ வந்துவிடுவது விழுதல் ஆகும். பலமாகத் தாக்கப்படுதல், நினைவிழத்தல், பக்கவாதம், வலிப்பு ஆகியவற்றால் நேர்வதை இக்குழு விலக்கியது. பிற்கால ஆய்வுகள் பலவும் இவ்வரையறையையோ இதன் சிறு மாற்றங்களையோ பின்பற்றின.

கோட்மனின் அட்டை

அறுவை முடிந்த நோயாளி பின்னர் எப்படி இருக்கிறார் என்று தேடிச் சென்று அறியும் வழக்கத்துக்கு வித்திட்டவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி கோட்மன் (1869–1940). தோள்மூட்டு நோய்களில் வல்லவரான இவர், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்தார். நோய், செய்த மருத்துவம், நேர்ந்த பிழை ஆகியவற்றோடு ஓராண்டு கழித்து அந்நோயாளியின் நிலை என்ன என்பதும் அதில் எழுதப்பட்டது. இதை அவர் "இறுதி விளைவு" முறை என்று அழைத்தார்.

1911 ஆம் ஆண்டு பாஸ்டனில் 12 படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் விவரத்தையும், அவர்களுக்கான மருத்துவத்தில் நேர்ந்த 123 பிழைகளையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். எல்லா மருத்துவமனைகளும் இவ்வாறு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியதால் சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் நாட்டப்பட்டதே 2014 ஆம் ஆண்டில்தான்.

கோட்மன் முறையில் நோயாளி மீண்டும் அழைக்கப்பட்டார். ஆனால் முடிவை எழுதியது மருத்துவரின் கைதான்.

மருத்துவர் இட்ட மதிப்பெண்

அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்நிலையே நீடித்தது. பிரான்சின் மெர்ல் தொபீன்யே, போசுத்தெல் ஆகியோர் 1954 ஆம் ஆண்டு இடுப்பு மூட்டுக்கு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வலி, மூட்டின் அசைவு, நடை ஆகிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் தரப்பட்டது. 1969 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாரிஸ் 100 மதிப்பெண் கொண்ட இடுப்பு அளவீட்டை அமைத்தார். வலிக்கு 44, செயல்திறனுக்கு 47, அசைவெல்லைக்கு 5, உருக்குலைவு இன்மைக்கு 4 என்பது அதன் பங்கீடு. இரண்டிலும் மதிப்பெண் இட்டவர் மருத்துவர்.

இடையில் 1963 ஆம் ஆண்டு சிட்னி காட்சும் அவர் குழுவினரும் அன்றாடச் செயல்களுக்கான குறியீட்டை வெளியிட்டனர். இதன் அடித்தளம் கிளீவ்லாந்து நகரின் பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனையில் இடுப்பு எலும்பு முறிந்து சேர்க்கப்பட்ட முதியோரை அருகிருந்து கவனித்ததாகும். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், இடம் மாறி அமர்தல், மலசலக் கட்டுப்பாடு, உண்ணல் என்னும் ஆறு செயல்கள் இதில் அடங்கும். முறிவிலிருந்து தேறும் முதியவர் இச்செயல்களை ஏறத்தாழ ஒரு குழந்தை அவற்றைக் கற்கும் வரிசையிலேயே மீண்டும் பெறுகிறார் என்பதைக் காட்சு கண்டார். எலும்பு கூடுவது ஒன்று, வாழ்க்கைக்குத் திரும்புவது மற்றொன்று என்பதை முறையாக எடுத்துக்காட்டிய தொடக்கப் பணிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

நோயாளி கையில் வினாத்தாள்

1980களில் நிலைமை மாறியது. கனடாவில் நிக்கோலஸ் பெல்லமி குழுவினர் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வுக்காக உருவாக்கிய வோமாக் அளவீடு 1988 ஆம் ஆண்டு வெளியானது. வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, செயல்திறன் பற்றி 17 என அதில் 24 வினாக்கள். விடை அளிப்பவர் நோயாளி.

பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு இடுப்பு அளவீடு 1996 ஆம் ஆண்டிலும், முழங்கால் அளவீடு 1998 ஆம் ஆண்டிலும் வந்தன. ஒவ்வொன்றிலும் 12 வினாக்கள். முழங்கால் அளவீட்டில் உள்ள ஒரு வினா, கால் திடீரென மடங்கித் தன்னைக் கைவிட்டுவிடும் என்று நோயாளி உணர்ந்தாரா என்பதாகும். மண்டியிட்டு மீண்டும் எழ முடிகிறதா என்பது இன்னொன்று. மூட்டைப் பற்றிய வினாத்தாளிலேயே விழும் இடரைப் பற்றிய குறிப்பும் இவ்வாறு இடம்பெற்றது.

நோயாளியைக் கேட்பது வெறும் மரியாதைக்காக அன்று என்பதை அதே 1996 ஆம் ஆண்டு லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இடுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் மதிப்பீட்டையும் அவர்களின் மருத்துவர்களின் மதிப்பீட்டையும் ஒப்பிட்டபோது, வலி குறைவாக இருந்தவர்களிடம் இரண்டும் ஒத்துப்போயின. நோயாளி நிறைவடையாத இடங்களில் இடைவெளி பெரிதானது. எங்கே மருத்துவர் அறிய வேண்டியது மிகுதியோ அங்கேயே அவர் கணிப்பு தவறியது.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணி, இடுப்பு, முழங்கால் மாற்று அறுவை செய்துகொள்வோரிடம் அறுவைக்கு முன்னும் பின்னும் இத்தகைய வினாத்தாள்களைப் பெறத் தொடங்கியது.

விழுதலைப் பற்றிய ஆய்வு

முதியோர் விழுவது முதுமையின் இயல்பு, அதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. இதை மாற்றியவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் பெர்னார்டு ஐசக்சு ஒருவர். நடமாட்டமின்மை, நிலைதளர்ந்து விழுதல், மலசலக் கட்டுப்பாடின்மை, அறிவுத்தளர்ச்சி ஆகிய நான்கையும் அவர் முதியோர் மருத்துவத்தின் பூதங்கள் என்று குறித்தார். விழுந்தபின் அச்சத்தால் நடக்கவே மறுக்கும் நிலையை அவரும் மர்ஃபி என்பவரும் 1982 ஆம் ஆண்டு விவரித்தனர்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டி 1988 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை ஆகும். தம் வீடுகளில் வாழ்ந்த, 75 வயதுக்கு மேற்பட்ட 336 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில் 108 பேர் ஒருமுறையேனும் விழுந்தனர். தூக்க மாத்திரை, கால்களின் இயலாமை, நடைத் தடுமாற்றம், பாத நோய்கள் போன்ற காரணிகளுள் ஒன்றும் இல்லாதவர்களுக்கு விழும் வாய்ப்பு 8 விழுக்காடு. நான்கோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு அது 78 விழுக்காடு. ஆகவே விழுதல் விதியன்று. அதன் காரணங்களைக் கண்டறியலாம், அவற்றுள் சிலவற்றைக் களையலாம்.

இதே காலத்தில் உடலைச் சோதிக்கும் எளிய முறைகளும் வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமர எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் "எழுந்து நட" சோதனையை 1991 ஆம் ஆண்டு பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் ஆகியோர் நேரக் கணக்குடன் அமைத்தனர். இதன் முதல் வடிவம் 1986 ஆம் ஆண்டு ஐசக்சு குழுவினரால் வெளியிடப்பட்டதாகும்.

1990 ஆம் ஆண்டு டினெட்டி குழுவினர் அச்சத்தையே அளக்க முனைந்தனர். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்ட அவர்களது அளவீடு, பத்து அன்றாடச் செயல்களை விழாமல் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று கேட்டது. 1995 ஆம் ஆண்டு பவல், மையர்சு ஆகியோர் 16 வினாக்கள் கொண்ட சமநிலை நம்பிக்கை அளவீட்டை வெளியிட்டனர். 2005 ஆம் ஆண்டு ஐரோப்பிய விழுகைத் தடுப்பு வலையமைப்பின் சார்பில் லூசி யார்ட்லி குழுவினர் டினெட்டியின் அளவீட்டை விரிவாக்கிப் பன்னாட்டு வடிவம் தந்தனர். இதில் 16 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 16 என்றால் கவலை இல்லை, 64 என்றால் மிகுந்த கவலை. ஏழு வினாக்கள் மட்டும் கொண்ட சுருக்க வடிவம் 2008 ஆம் ஆண்டு வந்தது.

சொல்லும் உடலும் மாறுபடும்போது

நோயாளியின் சொல்லை மட்டும் நம்புவதில் குறைகள் உண்டு. 1988 ஆம் ஆண்டு கம்மிங்சு குழுவினர், விழுந்தது உறுதிசெய்யப்பட்ட முதியோரிடம் பின்னர் அதுபற்றிக் கேட்டனர். கேட்ட கால அளவைப் பொறுத்து 13 முதல் 32 விழுக்காட்டினர் தாம் விழுந்ததை நினைவுகூரவில்லை. அடிபடாத விழுகை எளிதில் மறக்கப்படுகிறது. ஆனால் அடுத்த முறை முறிவு நேரலாம் என்று முன்கூட்டி எச்சரிப்பது பெரும்பாலும் அத்தகைய விழுகைதான்.

அச்சமும் உண்மையான இடரும் எப்போதும் இணைந்து செல்வதில்லை என்பதை 2010 ஆம் ஆண்டு டெல்பேர் குழுவினர் சிட்னி நகரில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. இடர் குறைவு, அச்சமும் குறைவு என்றிருந்தோர் 29 விழுக்காடு. இடரும் அச்சமும் மிகுந்தோர் 40 விழுக்காடு. உடல் நன்றாக இருந்தும் அஞ்சியவர்கள் 11 விழுக்காடு. உடல் தளர்ந்திருந்தும் அஞ்சாதவர்கள் 20 விழுக்காடு. உடல் நலமாக இருந்தும் அஞ்சியோர் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக விழுந்தனர். அஞ்சாமல் நடமாடியவர்களுக்கு அந்த மனத்திடமும் உடலுழைப்பும் ஓரளவு காப்பாக அமைந்தன. எனவே வினாத்தாளும் வேண்டும், உடற்சோதனையும் வேண்டும்.

மருத்துவமனைப் படுக்கையில் இருப்போருக்கு 1989 ஆம் ஆண்டு ஜானிஸ் மோர்சு வெளியிட்ட அளவீடு உலகெங்கும் செவிலியர்களால் பயன்படுத்தப்பட்டது. இந்திய மருத்துவமனைகள் பலவற்றிலும் கட்டில் தலைமாட்டில் தொங்கும் "விழும் அபாயம்" அட்டைக்கு இத்தகைய அளவீடுகளே அடிப்படை. எனினும் மதிப்பெண் கூட்டி "அபாயம் உண்டு, இல்லை" என்று பிரிப்பதை விட்டு, ஒவ்வொருவரின் காரணங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2013 ஆம் ஆண்டு அறிவுறுத்தியது. 2022 ஆம் ஆண்டின் உலக விழுகைத் தடுப்பு வழிகாட்டுதலும் இக்கருத்தை ஏற்றது.

இந்தியாவில்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி. செ. நடராஜன் முயற்சியால் 1978 ஆம் ஆண்டு முதியோருக்கான புறநோயாளர் பிரிவு தொடங்கியது. 1996 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு வந்தது. சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

அரியானா மாநிலம் ரோத்தக் மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்று, 50 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு இலட்சத்துக்கு 129 பேருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது என்று கணித்தது. 2017–18 ஆம் ஆண்டுகளில் 45 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 72,000 பேரிடம் நடத்தப்பட்ட இந்திய முதுமை நெடுங்கால ஆய்வில் புதுச்சேரியும் இடம்பெற்றது. அதில் விழுதல் பற்றிய வினாவுக்கு விடை அளித்தவர் மருத்துவர் அல்லர், வீட்டிலிருந்த முதியவரே.

வினாத்தாள்களை இந்திய வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றும் பணியும் நடந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத்தர அளவீட்டை உருவாக்கியபோது பல நாடுகளில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. அம்மையங்களுள் சென்னையும் ஒன்று. அதனால் அந்த அளவீடு தொடக்கத்திலேயே தமிழிலும் அமைந்தது. மூட்டு நோயாளிகளின் செயல்திறனை அளக்கும் வினாத்தாளின் இந்திய வடிவம் 2002 ஆம் ஆண்டு வெளியானபோது, குந்தி அமர்தல், சம்மணமிட்டு அமர்தல் போன்ற நம் வழக்கங்கள் அதில் சேர்க்கப்பட்டன.

வில்லியனூரும் பாகூரும்

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் 1880 ஆம் ஆண்டு ஆணைப்படி கொம்யூன் என்னும் உள்ளாட்சி அமைப்பு உருவானது. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இன்றைய கொம்யூன் பஞ்சாயத்துகள் அப்பெயரையே தாங்கியுள்ளன. நகருக்கு மேற்கே சங்கராபரணி ஆற்றை ஒட்டி வில்லியனூரும், தெற்கே கடலூர் எல்லையை ஒட்டிப் பாகூரும் உள்ளன. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பாசனம் தரும் நெல்வயல் நாடு இது.

மருத்துவ வசதியில் இப்பகுதி பின்தங்கியதன்று. 1823 ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964 ஆம் ஆண்டு முதல் அப்பெயரில் கோரிமேட்டில் இயங்குகிறது. அதன் ஊரகப் பயிற்சி மையம் இராமநாதபுரம் கிராமத்தில் உள்ளது. பாகூர் பகுதியின் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இடுப்பில் தகடு வைக்கவோ மூட்டு மாற்றவோ ஊரை விட்டு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

சிக்கல் அறுவைக்குப் பிறகு தொடங்குகிறது. மருத்துவமனையின் வழவழப்பான சமதரையில் வாக்கர் பிடித்து நடக்கக் கற்றவர் வீடு திரும்பினால் அங்கே உயர்ந்த வாசற்படி, பாசி படிந்த குழாயடி, குந்தி அமரும் கழிப்பறை ஆகியவை காத்திருக்கின்றன. புதிதாக டைல்ஸ் போட்ட வீட்டில் ஈரக்கால் வைத்தால் வழுக்கும். வயலுக்குப் போனால் வரப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே சேறு. வாக்கர் பெரும்பாலும் கதவு மூலைக்குப் போய்விடுகிறது. சுவரைப் பிடித்து நடப்பது அதன் இடத்தைப் பிடிக்கிறது. தையல் பிரித்துப் படம் எடுத்து "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது" என்று மருத்துவர் எழுதும் அதே நாளில், அந்த மூதாட்டி வீட்டை விட்டு வெளியே வராதவராக மாறியிருக்கலாம்.

தமிழில் கேட்பதன் சிக்கல்கள்

வினாத்தாள் அமைத்துப் பழகிய ஆசிரியர் எவருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. வினா புரியாவிட்டால் விடை தவறாகும், அத்தவறு மாணவனுடையதன்று. நோயாளியிடம் கேட்கும் வினாவுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, "விழுதல்" என்ற சொல். "கீழே விழுந்தீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார் ஒரு பாட்டி. சற்றுப் பேசிப் பார்த்தால் "விழலைப்பா, வழுக்கிடுச்சு" என்பார். "தடுக்கிடுச்சு", "கால் மடங்கிடுச்சு", "தலை சுத்தி அப்படியே உட்கார்ந்துட்டேன்" என்பனவும் அவர் கணக்கில் விழுதல் அல்ல. விழுதல் என்றால் அடிபட்டுக் கிடப்பது என்பதே வழக்கில் உள்ள பொருள். கெல்லாக் வரையறைப்படி இவற்றுள் பலவும் விழுகைகளே. ஆகவே வழுக்கியதா, தடுக்கியதா, நினையாமல் தரையில் உட்கார நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். தரையில் அமர்வது நம் வீடுகளில் இயல்பானது என்பதால் "தரைக்கு வருதல்" என்ற நேர்மொழிபெயர்ப்பும் குழப்பும்.

இரண்டாவது, "கவலை" என்ற சொல். பன்னாட்டு அளவீட்டை அமைத்தவர்கள் "அச்சம்" என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து, அதைவிட மென்மையான சொல்லைத் தேர்ந்தனர். அச்சத்தை ஒப்புக்கொள்ள மக்கள் தயங்குவர் என்பதே காரணம். அதைத் தமிழில் "கவலை" என்றால், மகள் திருமணமும் வாங்கிய கடனும்தான் நினைவுக்கு வரும். பேச்சுவழக்கில் இதற்கு நெருங்கிய சொல் "யோசனை" எனலாம். "கடைத்தெருவுக்குப் போக யோசனையா இருக்கு" என்று சொல்பவர், பயம் என்ற சொல்லைச் சொல்லாமலே அதைச் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது, வினாவில் வரும் செயல்கள். சமநிலை நம்பிக்கை அளவீட்டில் பனி உறைந்த நடைபாதையில் நடப்பதும் நகரும் படிக்கட்டில் ஏறுவதும் வருகின்றன. வோமாக் அளவீட்டில் குளியல் தொட்டியில் இறங்கி ஏறுவது பற்றிய வினா உண்டு. பாகூரில் இவற்றுக்கு ஈடாக வரப்பில் நடத்தல், குழாயடியில் நீர் பிடித்தல், குனிந்து கோலமிடுதல், பேருந்துப் படியில் ஏறுதல் ஆகியவற்றைக் கேட்கலாம். கூட்டத்தில் நடப்பது பற்றிய வினாவுக்கு வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவைச் சொன்னால் எவருக்கும் விளங்கும்.

நான்காவது, அளவு. "சிறிதளவு, ஓரளவு, மிகுதி" என்ற படிநிலைகள் ஏட்டில் நிற்பவை. "கால்வாசி, பாதி, முக்கால்வாசி, முழுசா" என்பது எழுத்தறியாதவரும் நாள்தோறும் கையாளும் அளவை.

ஐந்தாவது, யார் முன்னிலையில் கேட்பது என்பது. விழுந்ததாகச் சொன்னால் வயலுக்கும் கோயிலுக்கும் போகவிடமாட்டார்கள் என்ற அச்சம் முதியவருக்கு உண்டு. மகனோ மருமகளோ அருகில் இருந்தால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பார். சில வேளை அவருக்குப் பதிலாக அவர்களே விடை சொல்லிவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வினாக்களை வாசித்துக் காட்டுபவரும், தாம் எதிர்பார்க்கும் விடையைக் குரலில் காட்டிவிடக் கூடாது.

இத்தகைய பிழைகளைத் தவிர்க்கவே மொழிபெயர்ப்புக்கு நெறிமுறைகள் உள்ளன. இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். மூல நூலை அறியாத ஒருவர் அதை மீண்டும் மூலமொழிக்கு மாற்ற வேண்டும். பிறகு சில நோயாளிகளிடம் படித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்க வேண்டும். 2000 ஆம் ஆண்டு பீட்டன் குழுவினர் வகுத்த நெறிமுறையும் 2005 ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறையும் இதையே வலியுறுத்துகின்றன. மேலே சொன்ன மாற்றங்களைத் தன்விருப்பாகச் செய்துவிட்டுப் பழைய மதிப்பெண் எல்லைகளையே பயன்படுத்துவது முறையன்று. மாற்றிய வடிவம் தனியே சோதிக்கப்பட வேண்டும்.

மூன்று வினாக்கள்

நெரிசலான புறநோயாளர் பிரிவில் 16 வினாக்களுக்கு நேரம் இருப்பதில்லை. 2022 ஆம் ஆண்டின் உலக வழிகாட்டுதல் தொடக்கத்தில் கேட்பதற்கு மூன்றே வினாக்களைப் பரிந்துரைக்கிறது. அவற்றின் கருத்தை இப்பகுதிப் பேச்சில் இவ்வாறு கேட்கலாம்.

1. போன வருசத்துக்குள்ள எப்பவாவது விழுந்தீங்களா? வழுக்கியோ தடுக்கியோ தரைக்கு வந்தீங்களா?
2. நிக்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுதா?
3. விழுந்துடுவோமோன்னு எங்கயாவது போக யோசனையா இருக்கா?

ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் அடுத்த கட்டம் உடற்சோதனை. மூன்று மீட்டர் நடந்து திரும்பி அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் இடர் இருப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கொள்கிறது. பின்னர் பார்வை, நின்றால் குறையும் இரத்த அழுத்தம், தூக்க மாத்திரைகள், பாதப் புண், காலணி, வீட்டின் அமைப்பு ஆகியவை பார்க்கப்பட வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யப் பெருஞ்செலவு ஆவதில்லை. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, குழாயடிப் பாசியைத் தேய்த்து எடுத்தல் ஆகியவை எந்த வீட்டிலும் இயலும். உடற்பயிற்சிகள் வீட்டில் வாழும் முதியோரின் விழுகைகளை ஏறத்தாழ 23 விழுக்காடு குறைக்கின்றன என்று 2019 ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பாய்வு கண்டது. அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. வீடு தேடிச் செல்பவர் வாசற்படியையும் குழாயடியையும் நேரில் பார்ப்பார். அதே இடத்தில் இம்மூன்று வினாக்களையும் கேட்க முடியும்.

கோட்மன் தம் நோயாளிகளை ஓராண்டு கழித்து அழைத்துக் கேட்டார். வில்லியனூரிலும் பாகூரிலும் இடுப்பு முறிவோடு வந்து தேறிப் போனவரை ஓராண்டு கழித்து அவ்வாறு கேட்க ஒரு செவிலியரும் ஒரு தாளும் போதும். அவர் விடை சொல்லும்போது மருமகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்ல வேண்டும். "விழலை" என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், "வழுக்கினீங்களா?" என்று இன்னொரு முறை கேட்கவும் வேண்டும்.